வாசித்துக் காட்டச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் சண்டிலிப்பாயில் எங்கள் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றேன். அலுவலகப் பியோன் கந்தையா அண்ணை சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, படலையைத் திறக்காமலே குரல் கொடுத்தார்.

"சுந்தரம், மிஸிஸ் போயிட்டா."

இந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டார் என்றால், கடலேரி கடந்து கொழும்புக்குப் போய்விட்டார் என்றுதான் முதலில் நினைப்போம். "வெளியிலை போறதுக்குப் பாஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டேன். கந்தையா அண்ணை தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். அப்போதுதான் விளங்கியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டேன். தண்ணீர் ஒரே பாத்தியில் நின்று வழிந்தது. கந்தையா அண்ணைதான் இறங்கி வந்து வாய்க்காலை மாற்றிவிட்டார்.

திருமதி நல்லைநாதன் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் உதவிப் பதிவாளர். எங்களுக்கு மிஸிஸ். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் உள்ளவர்கள். நான் எஸ்.எஸ்.சி.யில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்து, தமிழில் மட்டும் திறமைச் சித்தி எடுத்தவன். அந்த ஒரு சித்தியை இருபது வருடமாக விருதுபோலத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தமிழ்த் தட்டெழுத்தாளனாக வளாகத்துக்குள் வந்த நாள் முதல், பேராசிரியர்மாரின் கடிதங்களிலேயே எனக்குப் பிடிக்காத சொற்களை மாற்றி அடித்திருக்கிறேன். அவர்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்னோடு மாரடிக்க நேரமில்லாமல் விட்டிருப்பார்கள்.

மிஸிஸின் நேர்மையைப் பற்றி, அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். அதற்குள் அவர் தானாக வந்துவிடுவார்.

மாணவரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் வேலை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குகிற வேலை அல்ல. புதிய மாணவரைப் பகிடிவதை செய்தல், ஒதுக்கிவைத்தல், பெண்பிள்ளைகளிடம் சேட்டை என்று வருகிற கோவைகள் ஒவ்வொரு மேசையாகத் தள்ளுப்பட்டுக் கடைசியில் மிஸிஸின் மேசைக்கு வந்துசேரும். அவர் அவற்றைத் தள்ளவில்லை. அவருக்கு எழுத்துவேலை செய்ய என்னைப் போட்டார்கள்.

முதல் விசாரணையிலேயே நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். பகிடிவதை முறைப்பாடு. அடிவாங்கின பையனையும் அடித்ததாகச் சொல்லப்பட்ட பையனையும் விறாந்தையில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, பொழுதுபோகட்டும் என்று இருவருக்கும் பொதுவாக ஒரு பத்திரிகையையும் கொடுத்தேன். மிஸிஸ் வந்து பார்த்தார்.

"என்ன காணும், கலியாணப் பேச்சுக்கோ கூப்பிட்டனீர்?"

அன்றைக்குப் பிறகு ஒருவர் முன்படியால் வருவார், மற்றவர் அரை மணித்தியாலம் கழித்துப் பின்படியால் வருவார். ஆனால் இருவருக்கும் ஒரே மாதிரிக் கதிரை, ஒரே மாதிரித் தேத்தண்ணீர். ஒருநாள் கைப்பிடி உடைந்த கதிரையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போட்டேன். "முறைப்பாடு தந்தவரும் மனுசர், முறைப்பாட்டிலை இருக்கிறவரும் மனுசர். தீர்ப்பு வரமுன்னம் கதிரையாலை தண்டிக்காதேயும்" என்று சொல்லித் தன்னுடைய கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, உடைந்ததில் தான் இருந்தார்.

அவர் அடிக்கடி சொல்லுகிற இன்னொன்று: "ஒரு பிள்ளையைப் பத்து மேசையிலை கதை சொல்ல வைக்கிறது விசாரணை இல்லை. ஒரு மேசையிலை ஒழுங்காய்க் கேக்கிறதுதான் விசாரணை."

மின்சாரம் நின்று, காகிதமும் அருமையாகி, பழைய பரீட்சை அட்டவணைகளின் முதுகில் நான் வாக்குமூலங்கள் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பிள்ளை வந்தாள். விஞ்ஞானம் படிக்கிற இரண்டாம் வருட மாணவி. குருநகரில் கடற்றொழில் செய்கிற குடும்பம். பெயரை எழுதவில்லை. மிஸிஸ் இருந்தால் எழுத விடமாட்டார்.

வாக்குமூலம் எடுக்கும்போது மிஸிஸ் கட்டாயம் கூட இருப்பார். அன்றைக்குத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பதிவாளர் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார். "எழுதிக்கொண்டிரும், வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

"செய்முறை வகுப்பு ஒவ்வொரு செவ்வாயும் அண்ணை. நான் வாசலுக்கு வந்த உடனை, படிப்பிக்கிற சேர் மேசை லாச்சியைத் திறப்பார். ஒரு துண்டுச் சவர்க்காரம் வைச்சிருக்கிறார். 'போய்க் கையைக் கழுவிப்போட்டு வந்து சாமானைத் தொடு' எண்டுவார். எனக்கு மட்டும். பிறகு ஜன்னலோடை இருக்கிற கடைசி மேசை. தனிய. 'அந்தப் பக்கம் காத்து வரட்டும்' எண்டுவார். அவ்வளவுதான்."

"மற்றப் பிள்ளையள் சிரிப்பினமோ?"

"முதல் சிரிச்சவை. இப்ப சிரிக்கிறேல்லை. பழகிட்டுது போலை. அதுதான் அண்ணை எனக்கு இன்னும் கூடக் கஷ்டமாக் கிடக்கு."

நான் இருந்து தட்டச்சு செய்தேன். என்ன செய்தேன் என்று கேளுங்கள்: "மேற்படி விரிவுரையாளர் என்னைச் சாதி அடிப்படையில் தொடர்ச்சியாக இழிவுபடுத்தி, தகாத வார்த்தைகளால் நிந்தித்து, சக மாணவரிடமிருந்து ஒதுக்கி வைத்தார்." அடித்து முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எஸ்.எஸ்.சி. விடைத்தாள் திருத்தியவர் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். சவர்க்காரத்தைக் காணவில்லை. ஒரு வளாகத்தின் கோவைக்குள் சவர்க்காரத் துண்டைப் பற்றி எழுதுவது மரியாதையாக இருக்காது என்று பட்டது. செவ்வாய்க்கிழமையையும் ஜன்னலையும்கூட அந்த மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

மறுநாள் பிள்ளை வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் மேலோட்டமாக ஒருதரம் பார்த்துவிட்டு, "நல்ல தமிழாக் கிடக்கு அண்ணை" என்று கையொப்பம் வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. மிஸிஸ் கக்கத்தில் மூன்று கோவைகளோடு வந்தார்.

"வாசிச்சுக் காட்டினீரோ?"

"அவ பாத்தவ, மிஸிஸ்."

கேட்ட கேள்விக்கு அது மறுமொழி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் களைத்துப் போயிருந்தார். சாட்சியாகத் தன் கையொப்பத்தையும் வைத்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு மூத்த பேராசிரியர். மிஸிஸ் செயலாளர். நான் ஓரத்தில் குறிப்பெடுப்பவன். அந்த விரிவுரையாளர் வெள்ளைச் சேட்டும் அமைதியான குரலுமாக வந்தார். என் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைவரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளையிடம் கேள்வி கேட்டார்.

"நான் உம்மடை சாதியைப் பற்றி எப்பவாவது ஒரு சொல் கதைச்சிருக்கிறேனோ?"

"இல்லை சேர்."

"தகாத வார்த்தை?"

"இல்லை சேர்."

"அப்ப உதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

பிள்ளை தாளை வாங்கி, முதல்தடவையாக ஆறுதலாக வாசித்தாள். "நான் இப்பிடிச் சொல்லேல்லை" என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உது உம்மடை கையொப்பம்தானே? பொய் முறைப்பாடு எண்டு முடிவாச்செண்டால் ஒரு வருசம் வகுப்புத்தடை. தெரியுமோ?"

அந்த ஒரு வருடம் எப்படிப்பட்டது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால், திரும்பி வருவதற்கு வகுப்பு இருக்குமா, வரவிடுவார்களா என்று யாரும் சொல்ல முடியாத காலம். வளாகத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான் அந்தக் குடும்பத்தில். பிள்ளை மிஸிஸைப் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குண்டு போடவரும் பொம்மரின் இரைச்சல் கேட்டது. எல்லோரும் எழும்பி ஓடிப் பின்பக்கத்துப் பதுங்கு குழிக்குள் இறங்கினோம். நாலு பேருக்கு வெட்டிய குழிக்குள் ஆறு பேர். விரிவுரையாளரின் முழங்கால் ஒரு பக்கம் பிள்ளையின் மேலும் மறுபக்கம் என் மேலும் முட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் யாரையும் தள்ளி இருக்கச் சொல்ல வழியில்லை. எல்லோருடைய வியர்வையும் ஒன்றாய்த்தான் மணத்தது.

நான் மிஸிஸின் காதுப்பக்கம் குனிந்தேன். "மிஸிஸ், உந்த வாக்குமூலத்திலை ஒரு விசயம்…"

"சுந்தரம்." குரலைத் தாழ்த்தவே இல்லை. "இது விசாரணை நடக்கிற இடமில்லை. இங்கை கதைக்கிறது ஒண்டும் பதிவிலை வராது. மேலை போய், எல்லாருக்கும் முன்னாலை கதையும்."

தலைவருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "மிஸிஸ் நல்லைநாதன், குண்டு போடுறவனுக்கும் ஒழுங்குவிதி சொல்லுவீங்கள் போலை."

"போட்டால் நேரத்தைக் குறிச்சு வைப்பம் சேர்."

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. தலைக்கு மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது. எனக்கு அந்தக் குண்டைவிட மேலே ஏறிப் போவதுதான் பயம். மிஸிஸின் காதுக்குள் சொல்லியிருந்தால், அவர் எப்படியாவது பக்குவமாகச் சமாளிப்பார் என்று நினைத்திருந்தேன். அந்த வழியை அவர் அடைத்துவிட்டார். என்னுடைய நிரந்தர நியமனக் கடிதம் அதே தலைவரின் கையொப்பத்துக்காகக் காத்துக் கிடந்தது. வீட்டில் மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளை பேச்சு மாறிவிட்டாள் என்று முடியும். அவ்வளவு சுகமான வழி.

மேலே வந்து எல்லோரும் மண் தட்டிக்கொண்டு இருந்த பிறகு, மிஸிஸ் குறிப்பேட்டைப் பார்த்து, "விசாரணை மறுபடி தொடங்குது. சுந்தரம் ஏதோ சொல்ல வேணுமாம்" என்றார். இன்னும் என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் எழும்பினேன். 

"ஐயா, உதிலை இருக்கிற தமிழ் பிள்ளையின்ரை இல்லை. என்ரை."

"என்ன ஐசே சொல்லுறீர்?" என்றார் தலைவர்.

"அவ சவர்க்காரம் எண்டு சொன்னவ. நான் சாதி எண்டு எழுதிப்போட்டன். அவ ஜன்னல் எண்டு சொன்னவ. நான் ஒதுக்கிவைத்தல் எண்டு எழுதிப்போட்டன். தகாத வார்த்தை எண்டு ஒண்டும் அவ சொல்லேல்லை. அது… அழகுக்கு வந்தது."

மிஸிஸ் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழும்பித் தலைவரின் பக்கம் திரும்பினார்.

"சேர், அதை வாசிச்சுக் காட்டுவிக்காமல் சாட்சிக் கையொப்பம் போட்டது நான். சுந்தரத்தின்ரை பிழைக்குக் கீழை என்ரை பிழையையும் பதியுங்கோ. இந்த வாக்குமூலம் செல்லாது. பிள்ளை இப்ப தன்ரை வாயாலை சொல்லட்டும்."

விரிவுரையாளர் ஆட்சேபித்தார். இது பக்கச்சார்பு என்றார். "உங்கடை மறுமொழியையும் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதுவம் சேர். கூட்டவும் மாட்டம், குறைக்கவும் மாட்டம்" என்றார் மிஸிஸ்.

பிள்ளை சொன்னாள். சொல்லுக்குச் சொல் எழுதினேன். எழுதி முடிந்ததும் மிஸிஸ், "வாசிச்சுக் காட்டும்" என்றார். அந்தப் பெரிய மனிதர்களுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமையையும் லாச்சியையும் சவர்க்காரத்தையும் உரத்த குரலில் வாசித்தேன். என் தமிழில் பெரிதாக முழங்கிய குற்றச்சாட்டு ஒரு நொடியில் உடைந்தது. இந்தச் சின்னச் சின்னச் சாமான்களை உடைக்க ஒருவராலும் முடியவில்லை.

விரிவுரையாளர் மறுக்கவில்லை. "சவர்க்காரம் கிடையாத காலத்திலை என்ரை சொந்தச் சவர்க்காரத்தைக் குடுத்தனான். அது இரக்கம்" என்றார். அதையும் அப்படியே எழுதினேன்.

"சேர், வகுப்பிலை எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார் மிஸிஸ்.

"இருபத்திரண்டு."

"எத்தினை பேருக்கு அந்த இரக்கம் கிடைச்சது?"

அவர் பேசாமல் இருந்தார். நான் 'பதில் இல்லை' என்று எழுதப் போனேன். மிஸிஸ் என் பேனாவின் மேல் விரலை வைத்தார். "அவருக்கு நேரம் குடும்." நேரம் கொடுத்தோம். சுவர் மணிக்கூடு நின்றுபோய் வெகுகாலம் ஆனபடியால் எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவரே குனிந்தபடி, "ஒருத்தருக்கு" என்றார்.

சினிமாவில் வருவதுபோல் ஒன்றும் நடக்கவில்லை. சக மாணவர் சிலரைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தச் செய்முறை வகுப்பு வேறொருவருக்குப் போனது. விரிவுரையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம். பிள்ளையின் செய்முறைப் புள்ளிகளை வேறொருவர் பார்த்து இட்டார். அவள் வருடம் தவறாமல் பரீட்சை எழுதினாள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

எனக்கும் மிஸிஸுக்கும் ஆளுக்கொரு கண்டனக் கடிதம் என்று முடிவானது. வளாகத்தில் அப்போது வேலைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்த் தட்டெழுத்தாளன் நான் ஒருவன்தான். ஆகவே என்னைக் கண்டிக்கும் கடிதத்தை நானே அடித்தேன். 'கவனக்குறைவு' என்று தலைவர் எழுதிக் கொடுத்ததை, கை வழக்கத்தில், 'கவனச்சிதறல்' என்று மெல்லத் தணிக்கப் பார்த்தேன். மிஸிஸ் எதிர்மேசையில் இருந்து தலை நிமிராமலே சொன்னார்: "வாசிச்சுக் காட்டும்." திரும்ப அடித்தேன். நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிப் போனது. தன் கடிதத்தை மிஸிஸ் தன் சொந்தக் கோவையில் தானே கோத்து வைத்தார்.

அன்று பின்னேரம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சுந்தரம் சவர்க்காரத்தை விட்டனீர்?"

"சின்ன விசயம் எண்டு நினைச்சன் மிஸிஸ்."

"உமக்குச் சின்னது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மானிப்பாய்ப் பக்கம் உழக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வீடு போகும்வரை அந்த இரண்டு சொல்லும் என் பின்காரியரில் இருந்து வந்தன.

அந்தக் கிழமையே விடை கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வழமையாக வருகிற மீன்காரர் வெயிலுக்குத் தண்ணீர் கேட்டார். மனைவி செம்பைக் கொண்டுவந்து உயர்த்திப் பிடித்து, அவருடைய ஏந்திய கைகளுக்குள் ஊற்றினாள். இருபது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. சவர்க்காரத்தை எழுத ஏன் என் விரல் கூசியது என்று அப்போது தெரிந்தது. உள்ளே போய் நான் தேத்தண்ணீர் குடிக்கிற பேணியில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"உது உங்கடை பேணியெல்லே!" என்றாள் மனைவி.

மீன்காரர் பேணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அண்ணை, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

பெரிய சீர்திருத்தம் செய்ததாக நான் மார்தட்டக்கூடாது. மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மீன்காரரும் பழகுவதற்கு ஒரு மாதம் எடுத்தார். ஆனால் மகள் அன்றைக்கு அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து அவள் வந்து, "அப்பா, நான் இனி அந்த ரியூசன் வகுப்புக்குப் போகேல்லை. மாஸ்ரர் சொல்லுற கதை சரியில்லை" என்றாள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. முந்திய சுந்தரமாக இருந்தால், "என்ன விளையாட்டோ?" என்று தொடங்கி, "மாஸ்ரர் பகிடிக்குச் சொல்லியிருப்பார்" என்று முடித்திருப்பேன். வாய்வரை வந்தது. விழுங்கினேன். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "அவர் என்ன சொன்னவர்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு பிள்ளை. நான் இடையிலை வாய் திறக்கேல்லை."

சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில், பெற்ற மனம், சொல்லைக் கொஞ்சம் மெதுவாக்கியிருந்தேன். "இல்லை அப்பா, அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள். திருத்தினேன். மிஸிஸுக்கு அந்த ரியூசனோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் தாளை வாசித்துவிட்டு, அடுத்த நாளே எங்களோடு சைக்கிளில் வந்து அந்த நிலையத்தின் பொறுப்பாளருக்கு முன்னால் இருந்தார். பேசியது மகள்தான். மிஸிஸ் ஒரே ஒரு வேலை செய்தார்: இடையில் குறுக்கிட வந்தவர்களை நிறுத்தினார். அந்த மாஸ்ரர் பிறகு அங்கே படிப்பிக்கவில்லை. என் மகள் பரீட்சை எழுதினாள். எங்கள் வீட்டில் மிஸிஸின் பெயரைச் சொல்லும்போது மனைவிகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

இதற்கெல்லாம் அவருக்கு நான் ஒரு நன்றியும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் என் தமிழ் குறுக்கே வந்துவிடும் என்ற பயம்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கமுன் குருநகருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "ஊரை எழுதுங்கோ அண்ணை, பேர் வேண்டாம்" என்றாள். பிறகு ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். விசாரணையில் அவள் திரும்பி என்னைப் பார்த்தபோது கண்கள் கலங்கியிருந்தன என்று எழுதியிருந்தேன். உருக்கமான வரி.

"நான் அழேல்லை அண்ணை. எனக்கு உங்களிலை சரியான கோவம்."

அவளுக்கு முன்னாலேயே அந்த வரியை வெட்டினேன். வெட்டின இடத்தைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி" என்றாள். மிஸிஸிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: என் எழுத்தை வெட்டச் சொல்லும் உரிமை, அந்தக் கதைக்கு உரியவருக்கு உண்டு என்ற அறிவு.